இரண்டாவது பெயர்

மேடத்தின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை முதன்முதலில் கணினியில் அடித்துக் கொடுத்தவன் நான்தான். அன்று அதில் இருந்தது ஒரே ஒரு கட்டுரை. 'வெளியீடுகள்' என்று தடித்த எழுத்தில் தலைப்பு, அதன் கீழே ஒன்று என்ற எண், எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு வரி, பிறகு தாளின் அடிவரைக்கும் வெறும் வெள்ளை. அச்சுப்பொறி கீச்சிட்டுக்கொண்டே தாளை வெளியே தள்ளியது. ஓரத்துத் துளைப் பட்டையைக் கிழித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். "ஒரே ஒரு கட்டுரைக்கு எதுக்குங்க மேடம் நம்பர்?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "ரெண்டாவது வாரப்ப நம்பர் வேணுமில்லீங்களா சார்? இப்பவே போட்டு வச்சுட்டா அது வந்துதானே ஆகோணும்" என்றார். தாளை மடிக்காமல் ஒரு அட்டைக் கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரின் ஒரு பொறியியல் கல்லூரியில், கணினித் துறையில் நான் புரோகிராமராக இருந்தேன். புரோகிராமர் என்றால் ஆசிரியரும் இல்லை, அலுவலக ஊழியரும் இல்லை. ஆய்வுக்கூடக் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பேராசிரியர்கள் கேட்கிற நிரல்களை எழுதித் தர வேண்டும். மேடம் அங்கே விரிவுரையாளர். என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனால் வகுப்பில் நின்ற விதத்திலும் வராந்தாவில் நடந்த நடையிலும் ஏதோ ஒரு நிதானம் இருந்ததால், எங்கள் பியூனிலிருந்து துறைத்தலைவர் வரை எல்லோருக்கும் அவர் மேடம்தான். ஊர் அன்னூருக்குப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் பிறர் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து முதுகலைப் பொறியியல் வரை விடுதிகளிலேயே தங்கிப் படித்து வந்தவர். இதை அவர் மறைத்ததும் இல்லை, எடுத்துச் சொன்னதும் இல்லை. கேட்டால் சொல்வார், அவ்வளவுதான். என் வீட்டுக்குக் காரமடைப் பக்கம் தோட்டம் உண்டு என்பதையும் அவர் அதே போலத்தான் கேட்டுக்கொண்டார்.

அவருடைய ஆராய்ச்சி எங்கள் துறையில் யாருக்கும் பிடிபடாத ஒன்று. மற்றவர்கள் வேகமான கணினிகளைப் பற்றியும், கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதைப் பற்றியும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எண்களைத் திரையில் எப்படிக் காட்டினால் மனிதனுக்குச் சட்டென்று புரியும் என்று இவர் ஆராய்ந்தார். கைப்பையில் எப்போதும் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியும் வரைபடத் தாளும் இருக்கும். ஆசிரியர் அறையில் அதைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. 'மேடம் படம் போடறாங்க' என்பார்கள். முதல் கட்டுரை, திரையில் எந்த நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் கண் குழம்புகிறது என்பதைப் பற்றியது. அது ஒரு சிறிய இதழில் வந்தது. ஒருநாள் நானே கேட்டேன், இதெல்லாம் கணினி ஆராய்ச்சியில் சேருமா என்று. "கம்ப்யூட்டருக்குக் கண்ணு கெடையாதுங்க சார். பாக்கறது ஆளு. ஆளுக்குப் புரியலேன்னா உங்க கணக்கு எத்தனை சரியா வந்து என்ன பிரயோஜனம்?" என்றார்.  

மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையிலிருந்து எங்கள் துறைத்தலைவருக்கு அழைப்பு வந்தது. அங்கே நூல் நூற்கும் இயந்திரங்களின் மேல் ஒரு புதுக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசையாகச் சுழலும். எந்தக் கதிரில் நூல் அறுகிறது என்று அந்தக் கருவி ஓடி ஓடிப் பார்த்து, மேற்பார்வையாளர் அறையிலிருந்த கணினிக்குச் சொல்லும். கணினி அதைப் பட்டியலாக அச்சடித்துத் தள்ளும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு கட்டுத் தாள். எண்ணுக்குப் பின் எண். அந்தக் கட்டுகள் பிரிக்கப்படாமலேயே அலமாரியில் ஏறி உட்கார்ந்திருந்தன. இதை யாராவது படிக்கிற மாதிரிச் செய்து தர முடியுமா என்பதுதான் ஆலையின் கேள்வி. துறைத்தலைவர் மேடத்தையும் என்னையும் அனுப்பிவைத்தார். 'படம் போடற வேலை' என்பதால்தான் அது எங்களிடம் வந்தது.

முதல் இரண்டு மாதங்களில் நாங்கள் செய்தது பார்ப்பதற்கு மிக அழகானது. கதிருக்கு ஒரு கம்பம். எத்தனை முறை அறுந்ததோ அத்தனை உயரம். பச்சை, மஞ்சள், சிவப்பு. வண்ணத் திரையில் அது நகரத்தின் விளக்குகளைப் போல மின்னியது. மேற்பார்வையாளர் மகிழ்ந்துபோனார். ஆனால் நூல் அறுந்தால் அதை இணைக்கிறவர் அவர் அல்ல; இயந்திரங்களுக்கு நடுவே ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருக்கிற பெண்கள். அதை அவர்கள் 'சைடு பாக்கறது' என்பார்கள். மேடம் அவர்களை இரண்டிரண்டு பேராக அழைத்து வரச் சொல்லித் திரையைக் காட்டினார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பூரித்துப்போனேன். பேருந்தில் திரும்பும்போது மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஒருத்தரு கூட ஒரு கேள்வி கேக்கலீங்க சார். நம்ம ஊர்ல நல்லா இருக்குதுங்கன்னா, எனக்கு வேண்டாமுங்கன்னு அர்த்தம்" என்றார்.

அடுத்த முறை போனபோது அவர் கணினி அறைக்கே வரவில்லை. நேராக இயந்திரங்களுக்கு நடுவே போய் நடக்கத் தொடங்கினார். அந்தக் கூடத்தில் பஞ்சுத் துகள் பனி போல மிதக்கும். இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதும் கேட்காது. வரிசையின் கடைசியில், மார்பளவுக்குப் பச்சை வண்ணம் பூசிய ஒரு தூண். அதன் மேல் சாக்கட்டியால் வரிவரியாகப் புள்ளிகள் போடப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் வெட்கப்பட்டவராக, துடைக்கச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியாயிற்று என்று எங்கள் காதருகே கத்தினார். மேடம் அந்தத் தூணின் முன்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். அப்போது அந்த வரிசையில் நடந்து வந்த ஒரு பெண் இடுப்பிலிருந்து சாக்கட்டியை எடுத்து, எங்களைச் சற்று விலகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தூணில் புதிதாக ஒரு வரி போட்டார். அதில் மூன்று புள்ளிகள். போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

அவர்தான் அக்கா. நாங்கள் அவரை அப்படித்தான் அழைத்தோம். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்ததால் முதல்நாள் அவரை வயதானவர் என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் இருக்கும். எட்டாவது வரை படித்தவர். ஆலைக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டில் குடியிருந்தார். உணவு இடைவேளையில் கேன்டீனில் மேடம் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தத் தூண்ல என்னங்கக்கா எழுதறீங்க?"

"எழுத்தெல்லாம் இல்லீங்க டீச்சரம்மா. ஒரு ரவுண்டுக்கு ஒரு கோடுங்க. எங்க அறுந்துதோ அங்க ஒரு புள்ளி. அடுத்த ரவுண்டு அதுக்குக் கீழ."

"அதுனால என்னங்க தெரியும்?"

அக்கா சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் விரலால் வரைந்து காட்டினார். "புள்ளி அங்கொண்ணு இங்கொண்ணாச் செதறிக் கெடந்தா பஞ்சுல கோளாறுங்க. இல்லாட்டி காத்துல ஈரம் பத்தலை. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நேரா எறங்குச்சுன்னா அந்தக் கதிருலதான் நோவு. அதுக்கு மேல பஞ்சைத் திட்டிப் பிரயோஜனமில்லீங்க, மிசினைப் பிரிச்சுச் சரி பண்ற பிட்டரைக் கூப்புடோணும்."

"எங்க கம்ப்யூட்டர் படத்துல அது தெரியலீங்களா?"

அக்கா தயங்கினார். மரியாதைக்குத் தயங்குகிறார் என்று தெரிந்தது. "அது நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி" என்றார். மேடம் விடவில்லை. "நல்லா இருக்குதுங்கறதை உட்டுப்போட்டுச் சொல்லுங்க அக்கா" என்றார். அப்போதுதான் அக்கா சிரித்தார். "எத்தனை வாட்டி அறுந்துதுன்னு அதுல தெரியுதுங்க. எப்ப எப்ப அறுந்துதுன்னு தெரியறதில்லீங்களே. காலையில மூணு வாட்டி அறுந்துபோட்டுப் பொறவு நல்லா ஓடற கதிரும், இப்பத்தான் நோவு புடிச்சு மூணு வாட்டி அறுந்த கதிரும், ரெண்டும் ஒரே உசரமா நிக்குது. நான் எதைப் போய்ப் பாக்கறது?"

ஆய்வுலகில் எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் தூக்கு மூடியின் மேல் சொல்லி முடித்துவிட்டார். அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. மேடத்துக்கு அந்த நிமிடமே போதுமாக இருந்தது. திரும்பும் பேருந்திலேயே வரைபடத் தாளை மடியில் விரித்துப் புள்ளிகள் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒரு சுற்றுக்கு ஒரு வரி, அறுந்த இடத்தில் ஒரு புள்ளி. வண்ணமே இல்லை, வெள்ளையில் கறுப்பு. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நான் இக்கட்டால போயி அக்கட்டால திரும்பி வாரனுங்க. உங்க படத்துல போறதும் வாரதும் ரெண்டும் இக்கட்டால இருந்தே ஆரம்பிக்குது. நான் என்ன, திருப்பியும் பறந்தா வந்தேன்?" என்றார். ஏர் ஓட்டுகிறவன் வயலின் கோடியில் திரும்பி எதிர்த்திசையில் வருவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. திரும்பி வரும் வரி மறுகோடியிலிருந்து தொடங்கும்படி வெட்கத்தோடு திருத்தினேன். திருத்திய படம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு கதிருக்கு நேர்கீழே புள்ளிகள் எறும்பு வரிசையாக இறங்குவதைக் கண்டு பிட்டரை அழைத்தார்கள். பிரித்துப் பார்த்தால் அந்தக் கதிரைச் சுற்றியிருந்த வளையம் தேய்ந்திருந்தது. அதன் பிறகு ஷிப்டு மாறும்போதெல்லாம் பெண்கள் திரையின் முன்னால் கூடினார்கள். ஒருவரும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லவில்லை. "அது என்ற சைடு இல்லீங்க, அவளோடது" என்று சண்டை போட்டார்கள். மேடம் சுவரோரமாக நின்று அந்தச் சண்டையைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சை முடிவில் தன் எண்ணைக் கண்ட மாணவியின் முகம் அது.

கட்டுரை எழுதும் காலம் வந்தது. ஆய்வுக் கட்டுரையில் பெயர்களின் வரிசைக்கு ஒரு மதிப்பு உண்டு. முதல் பெயர் மேடத்துடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது என்னுடையது என்பதிலும் சந்தேகமில்லாமல் இருந்தேன். மூன்றாவது, வழக்கப்படி துறைத்தலைவர். நான் அப்போது விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிற யோசனையில் இருந்தேன். வெளிநாட்டு இதழில் இரண்டாவது பெயராக வருவது எனக்குப் பெரிய பிடி. அந்த வரிசையில்தான் அடித்துக் கொடுத்தேன். மேடம் தாளை வாங்கி, தன் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவே ஒரு கூரைக் குறி போட்டு, அதன் மேல் அக்காவின் பெயரை எழுதினார்.

"கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டாப் போதாதுங்களா மேடம்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு சம்பவம் சொன்னார். சின்ன வயதில் அவருடைய அப்பா ஒரு பண்ணையில் காளை வளர்த்தார். கன்றிலிருந்து வளர்த்தது. அந்தியூர்ச் சந்தையில் அது பரிசு வாங்கியது. படம் எடுத்தார்கள். காளைக்கு ஒரு பக்கம் பண்ணைக்காரர் நின்றார். மறுபக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா. பிற்பாடு சட்டம் போட்டு மாட்டும்போது படம் சட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது என்று ஓரத்தை வெட்டிவிட்டார்கள். "இன்னைக்கும் அந்த ஊட்டுல அந்தப் படம் இருக்குதுங்க சார். காளை இருக்குது, கயிறு இருக்குது, கயித்தைப் புடிச்ச கையும் இருக்குது. ஆளு மட்டும் இல்லை" என்றார். குரலில் வருத்தம் இல்லை. ஒரு குறைபாட்டைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னார்.  எங்கள் வீட்டின் முன்கூடமான ஆசாரத்திலும் என் தாத்தா ஒரு காளையோடு நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றை யார் பிடித்திருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் மனம் மாறவில்லை. அவர் அப்பாவின் கதை வேறு, என் இரண்டாவது இடம் வேறு என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பெயர் போடுவதென்றால் அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பெயருக்கு உரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. அக்காவின் வார விடுமுறை நாள்களில், இரண்டு முறை அவருடைய லைன் வீட்டுக்குப் போனோம். மேடம் கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா முறத்தில் அவரைக்காய் நார் உரித்தபடி கேட்டார். எனக்கு அது ஒரு சடங்காகத்தான் தெரிந்தது. இரண்டாவது நாள் முடிவுகள் பகுதிக்கு வந்தோம். படம் வருவதற்கு முந்தைய ஐந்து வாரங்களில் நூல் எவ்வளவு அறுந்தது, வந்த பிறகு ஐந்து வாரங்களில் எவ்வளவு என்று ஒப்பிட்டிருந்தோம். வித்தியாசம் கண்ணைப் பறிப்பதாக இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவன் நான். அக்காவின் கை நின்றது.

"முந்துன அஞ்சு வாரம்னா, மாரியம்மன் நோம்பிக்கு முந்துன வாரமும் அதுல சேருதுங்களா?"

நாள்களைப் பார்த்தேன். சேர்ந்திருந்தது.

"அந்த வாரம் கரண்டு சரியில்லீங்க தம்பி. மிசின் நின்னு நின்னு ஓடுச்சு. ஒவ்வொருக்கா கெளப்பறப்பவும் நூல் கொத்துக் கொத்தா அறும். அது கதிருக்கு நோவு இல்லீங்க, கரண்டுக்கு நோவு. அதையும் சேத்து எழுதுனா, எல்லாம் இந்தப் படம் வந்ததுனாலதான் கொறஞ்சுதுன்னு நாம பொய் சொன்ன மாதிரி ஆயிப்போயிருமுங்க."

மறுநாள் ஆலைக்குப் போய் ஷிப்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் சொன்னபடியே இருந்தது. அந்த வாரத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டேன். எங்கள் பெருமையில் பாதி காணாமல் போயிற்று. மிச்சமிருந்தது உண்மையான முன்னேற்றம்தான், ஆனால் அடக்கமானது. "யாருக்குங்க மேடம் தெரியப் போகுது?" என்று ஒரு பலவீனமான நொடியில் கேட்டுவிட்டேன். "அக்காவுக்குத் தெரியுமுங்களே. எழுதுனவங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சதை மத்தவங்க எப்படித் தெரியாதுன்னு சொல்றது?" என்றார். எழுதினவர்கள் என்று அவர் சொன்னதும் எனக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. கட்டுரையில் இருந்த ஒரே பொய்யைக் கண்டுபிடித்தவர் அக்கா. அதைக் கவனியாமல் எழுதியவன் நான். அன்று மாலை, பெயர்களைச் சரியான வரிசையில் என் கையாலேயே அடித்தேன். அந்த வாரத்தை ஏன் நீக்கினோம் என்று மேடம் தனியாக ஒரு பகுதியே சேர்த்தார்.

கல்லூரியிலிருந்து கட்டுரை வெளியே போகத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். அவர் கெட்டவரல்ல. என்னை வேலைக்கு எடுத்தவர். ஆனால் பெயர்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "ஏனுங்கம்மா, மில் தொழிலாளி பேரைப் போட்டு அனுப்புனா வெளிநாட்டுக்காரன் நம்ம காலேஜைப் பத்தி என்ன நெனைப்பான்? அடுத்த மாசம் உங்க பதவி உயர்வு இன்டர்வியூ வேற இருக்குதுங்க. யோசிச்சுச் செய்யுங்க" என்றார்.

"பட்டம் வாங்காதவங்க பேரைப் போடக்கூடாதுன்னு விதி ஏதும் இருக்குதுங்களா சார்?" என்று மேடம் கேட்டார்.

அவர் உண்மையாகவே விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "விதி இல்லீங்கம்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"வழக்கத்துக்குக் கையெழுத்து வேண்டாமுங்க சார். விதிக்கு மட்டும் போட்டுக் குடுத்தாப் போதுமுங்க."

கோப்பு அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. மேடம் சண்டை போடவில்லை, மேலிடத்துக்கு எழுதவும் இல்லை. தினமும் காலை முதல் வகுப்புக்கு முன்னால் அந்த அறை வாசலில் போய் நின்று, "வணக்கமுங்க சார்" என்பார். அவர் கோப்பைப் பார்ப்பார், பிறகு மேடத்தைப் பார்ப்பார். "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்பார். மேடம் வகுப்புக்குப் போய்விடுவார். மூன்று வாரம் இப்படி நடந்தது. கடைசியில் ஒருநாள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டுரையின் முகப்பில் இருந்த தன் பெயரை மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்தார். "என்ற பேரு இதுல வேண்டாமுங்க" என்றார். மேடம் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று பெயர்களோடு அது கடல் கடந்து போயிற்று.

பதவி உயர்வு அந்த வருடம் கிடைக்கவில்லை. நேர்காணலில், அனுப்பியிருக்கும் கட்டுரையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இரண்டாவது ஆசிரியர் எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நூற்பாலையில் சைடு பார்க்கிறவர் என்று மேடம் சொன்னதும் அறையில் சிரிப்பு எழுந்ததாம். "நானும் அவங்க கூடச் சேந்து சிரிக்கலாமான்னு ஒரு செகண்டு யோசிச்சனுங்க சார். வேண்டாம்னு முடிவு பண்ணிப்போட்டேன்" என்று வந்து சொன்னார். அன்று மட்டும் மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமல் மூடி வைத்துவிட்டார். சில மாதங்கள் கழித்து இதழிலிருந்து கடிதம் வந்தது. மதிப்பிட்டவர்களில் ஒருவர், முன்னேற்றம் சிறியதுதான் என்று எழுதியிருந்தார். மற்றவர், நீக்கிய வாரத்தைப் பற்றிய பகுதியைப் படித்த பிறகுதான் மற்றதையெல்லாம் தன்னால் நம்ப முடிந்தது என்றும், அதை இன்னும் விரிவாக எழுதும்படியும் கேட்டிருந்தார். எழுதினோம். கட்டுரை ஏற்கப்பட்டது. அடுத்த வருடம் வேறு குழு, அதே பதவி, மேடத்துக்குக் கிடைத்தது.

இன்று அவர் மூத்த பேராசிரியர். அவருடைய பட்டியல் பல பக்கங்களுக்கு நீள்கிறது. பயனரை மையமாக வைத்து வடிவமைப்பது என்று இப்போது எல்லோரும் மேடையேறிப் பேசுகிறார்கள்; அதற்கென்று தனிப் படிப்புகளே வந்துவிட்டன. நான் விரிவுரையாளராகி, ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டேன். எங்கள் பழைய கட்டுரையைத் தேடிப் படிக்கும் இளைஞர்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். இரண்டாவது ஆசிரியரின் வேறு கட்டுரைகள் எங்கும் கிடைக்கவில்லையே, அவர் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் இந்தக் கதையை எழுதி அனுப்புகிறேன். அக்கா நூற்பாலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டில் நலமாக இருக்கிறார் என்றும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கடிதங்களில் நான் எழுதாத ஒரு பகுதி உண்டு. கட்டுரை அச்சாகி வந்த பிறகு நடந்தது அது.

அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்கென்று இதழிலிருந்து கட்டுரையை மட்டும் தனிப்படிகளாக அச்சிட்டு அனுப்புவார்கள். வந்த கட்டை மேடம் மூன்றாகப் பிரித்தார். அக்காவின் பங்கை எடுத்துக்கொண்டு இருவரும் ஆலைக்குப் போனோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆங்கிலத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் மேல் விரலை வைத்தார். பக்கங்களைப் புரட்டினார், படங்களைப் பார்த்தார், திசை சரியாக இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "இதை எத்தனை பேருங்க அம்மணி படிப்பாங்க?"

மேடம் யோசித்து, "நூறு பேரு முழுசாப் படிச்சாப் பெருசுங்க அக்கா" என்றார்.

"நூறுங்களா!" அக்காவுக்கு அது போதவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. "எங்க மூணு ஷிப்டையும் சேத்தா அதுக்கு மேல இருக்கறமுங்களே. தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க. நான் படிச்சுக் காட்டறனுங்க."

மேடம் எழுதினார். நான்கு பக்கம். எழுதியதை அக்கா இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தினார். நான் அச்செடுத்துக் கொண்டுபோனேன். மேலாளரின் அனுமதி வாங்கி, ஒரு மதியம், ஷிப்டு மாறும் நேரத்தில் கேன்டீனில் கூட்டம் கூடியது. வேலை முடித்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். மேடமும் நானும் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். அக்கா மட்டும் நின்றார். தலைமுடியில் பஞ்சு இல்லை, குளித்துவிட்டு வந்திருந்தார். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, இரைச்சலுக்குப் பழகிய உரத்த குரலில், ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தார். நீக்கிய வாரத்தைப் பற்றி வந்ததும் தாளை இறக்கிவிட்டு, அந்த வாரம் எப்படி இருந்தது என்று தன் சொந்த வார்த்தையில் சொன்னார். ஆமாமென்று கூட்டம் தலையாட்டியது. வாசித்து முடித்ததும் கைகள் உயர்ந்தன. எதற்காகப் புள்ளி எல்லாம் ஒரே அளவு, சின்ன அறுப்புக்கும் பெரிய அறுப்புக்கும் வித்தியாசம் வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். ராத்திரி ஷிப்டுக்காரர்களின் வேகம் வேறு, ஒரே படம் எப்படிப் பொருந்தும் என்று இன்னொருத்தி கேட்டாள். அக்கா எங்கள் பக்கம் திரும்பாமலேயே பதில் சொன்னார்.

மேடத்துக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து அவரும் கையை உயர்த்தினார். அக்கா பார்த்துவிட்டார்.

"சித்த பொறுங்க அம்மணி. உங்களுக்கு முன்னால கை தூக்குனவங்களுக்கு மொதல்ல சொல்லிப்போடறேன்."

மேடம் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.